லீக்கில் முதல் சீசன்: எதை வெற்றி என்று கணக்கு வைப்பது?

டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கால்பந்து கிளப் இதுவரை நட்பு ஆட்டங்களும் ஒருநாள் டோர்னமென்ட்களும் மட்டும்தான் ஆடியிருக்கிறது. அடுத்த சீசனில் முதன்முறையாக லீக்கில் சேர்கிறார்கள். "மானிங் ரேஞ்சர்ஸ் பிஎஸ்எல் ஆரம்பித்த முதல் வருடமே சாம்பியன் ஆனார்களே, நாங்களும் முதல் வருடமே ஜெயிக்க முடியுமா? பையன்கள் எல்லாரும் அதையேதான் பேசுகிறார்கள்" என்பது அவர் கேள்வி. (பிஎஸ்எல் என்பது தென்னாப்பிரிக்காவின் மேல்மட்டத் தொழில்முறை கால்பந்து லீக், ரேஞ்சர்ஸ் நம் டர்பன் கிளப்.) மேலோட்டமாகப் பார்த்தால் இது முடியுமா முடியாதா என்ற கேள்வி. ஆனால் கிளப் செயலாளர் ஒருவர் இப்படிக் கேட்கும்போது அவர் மனதில் வேறொன்று இருக்கும். சீசன் தொடங்குமுன் பையன்களிடம் என்ன இலக்கைச் சொல்வது, பாதி சீசனில் பட்டியலின் அடியில் கிடந்தால் அவர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் அது. டர்பனில் பல வருடம் உள்ளூர் லீக் டீம்களுக்குக் கோச்சாகவும் செயலாளராகவும் இருந்தவன் என்ற முறையில் அதற்கே பதில் சொல்கிறேன்.

முதலில் ரேஞ்சர்ஸ் கதையைச் சரியாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் பையன்களின் கனவு அதன்மேல்தான் நிற்கிறது. 1996-97ல் பிஎஸ்எல் முதல் சீசனில் 18 கிளப்கள், ஆளுக்கு 34 ஆட்டம். கைசர் சீஃப்ஸ், ஒர்லாண்டோ பைரேட்ஸ் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளி மானிங் ரேஞ்சர்ஸ் பட்டம் வென்றது. நாட்டில் யாரும் எதிர்பார்க்காத முடிவு. ரேஞ்சர்ஸின் ஊரான டர்பன் சாட்ஸ்வர்த்தில் அந்த வருடத்தை இன்னும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் அது லீக்குக்குத்தான் முதல் சீசன், கிளப்புக்கு அல்ல. ரேஞ்சர்ஸ் தொடங்கியது 1928ல். பட்டம் வாங்கும்போது அந்தக் கிளப்புக்குக் கிட்டத்தட்ட 70 வயது. 1970களிலும் 80களிலும் நிறபேதம் பார்க்காத ஃபெடரேஷன் லீக்கில் வாராவாரம் கடுமையான ஆட்டம் ஆடிப் பழகியவர்கள் அவர்கள். கோச் கோர்டன் இகெசுண்ட் எப்படிப்பட்டவர் என்பது பிறகு தெரிந்தது: பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று வேறு கிளப்களுக்கும் லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அந்த டீமில் ஆடிய ஜார்ஜ் கூமன்டராகிஸ் பின்னால் ஐரோப்பாவுக்குப் போய், 2002 உலகக் கோப்பைக்கான தென்னாப்பிரிக்க அணியிலும் இடம்பிடித்தார். ஆக, பெயரில்லாத டீம் ஒரே வருடத்தில் பறந்த கதை இல்லை இது. பல தலைமுறை லீக் ஆடிய கிளப், சரியான கோச்சுடன், சரியான வருடத்தில் மேலே வந்த கதை. பையன்களிடம் இதை முழுசாகச் சொல்லுங்கள், அவர்கள் உற்சாகம் ஒன்றும் குறையாது.

நம் ஆட்கள், அதாவது இங்குள்ள இந்தியர்கள், லீக் ஆடியதற்கு இதைவிடப் பழைய முதல் சீசன் ஒன்று உண்டு. 1961ல் தொடங்கிய சவுத் ஆஃப்ரிக்கன் சாக்கர் லீக். இனம் பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து ஆடிய தொழில்முறை லீக் அது. டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ரசிகர்கள் இருந்தார்கள், கையில் இல்லாமல் போனது மைதானம் மட்டும்தான். இனவெறி அரசும் வெள்ளையர் சங்கமும் சேர்ந்து நகராட்சி மைதானங்களை ஒவ்வொன்றாக மறுத்தன. 1963ல் ஜோகன்னஸ்பர்க் நட்டால்ஸ்ப்ரூட் மைதானத்தின் கதவைப் பூட்டி, கோல் கம்பங்களையும் எடுத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் வேலி ஏறிக் குதித்து உள்ளே வந்து ஆட்டத்தை நடத்தவைத்தார்கள். அப்படியும் சில வருடங்களில் அந்த லீக் மூச்சடைத்து நின்றது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கிளப் இன்று ஒரு படிவத்தை நிரப்பி லீக்கில் சேர முடிகிறதே, அந்த இடத்துக்கு வரத்தான் அவர்கள் அத்தனை பாடுபட்டார்கள். அதை அலட்சியமாக நடத்தக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

உங்களுக்குப் பொருந்துகிற உதாரணம் ரேஞ்சர்ஸ் அல்ல, லிம்போபோவின் பரோக்கா. கீழிருந்து ஏறி 2016-17ல் முதன்முறையாகப் பிஎஸ்எல்லுக்கு வந்தார்கள். அந்த சீசனில் அவர்களைப் பற்றி உலகம் அறிந்தது ஒரே ஒரு கோலை. 2016 நவம்பர் 30 அன்று பைரேட்ஸுக்கு எதிராகத் தோற்றுக்கொண்டிருந்தபோது, 96ஆவது நிமிடத்தில் கார்னருக்காக முன்னே ஓடிவந்த கோல்கீப்பர் ஆஸ்கரின் மசுலுகே முதுகைக் காட்டி, தலைக்கு மேலே காலை வீசி அடித்த கோல். வருடத்தின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதுப் போட்டியில் இரண்டாம் இடம் வரை போனது. பலர் மறந்துபோனது சீசன் முடிவை. பரோக்கா 16 கிளப்பில் 15ஆவதாக முடித்தது, பிளேஆஃப் என்ற கூடுதல் ஆட்டங்களை ஆடித்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியது. ஆனால் தப்பியது! அடுத்த வருடமும் லீக்கில் இருந்தது, 2018 டிசம்பரில் பைரேட்ஸையே பெனால்டியில் தோற்கடித்து டெல்காம் நாக்அவுட் கோப்பையை வாங்கியது. அந்தக் கோப்பைக்கு விதை 15ஆவது இடம்தான். அந்த வருடம் அவர்கள் இறங்கியிருந்தால் 2018 வந்திருக்காது. பிறகு 2022ல் அவர்களும் கீழே இறங்கினார்கள், அது தனிக் கதை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று வரும், அதையும் பார்த்துவிடுவோம். கேப் டவுன் சிட்டி 2016ல் முதல் சீசனிலேயே கோப்பை வாங்கி லீக்கில் மூன்றாவது வந்ததே, ராயல் ஏஎம் 2021-22ல் மூன்றாவது வந்ததே என்பார்கள். உண்மைதான். ராயல் ஏஎம் அந்த வருடம் நம் சாட்ஸ்வர்த்திலேயே ஆடியது. ஆனால் அவை இரண்டும் ஏறி வந்த இடங்கள் அல்ல, வாங்கிய இடங்கள். சிட்டி வாங்கியது பிளாக் ஏசஸ் கிளப்பின் லீக் இடத்தை, ராயல் ஏஎம் வாங்கியது புளூம்ஃபன்டெய்ன் செல்டிக்கின் இடத்தை. இடத்தோடு மேல்மட்டத்தில் ஆடிப் பழகிய ஆட்டக்காரர்களும் வந்தார்கள். அப்படித் தொடங்குவது வேறு, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டிலிருந்து லீக்குக்கு வருவது வேறு. ராயல் ஏஎம் 2025ல் வரிப் பாக்கிச் சிக்கலில் லீக்கைவிட்டே போனதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சரி, உங்கள் நிலைக்கு வருவோம். ஒருநாள் டோர்னமென்ட்டில் நன்றாக ஆடுகிற டீம் லீக்கில் திணறுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டோர்னமென்ட்டில் ஆட்டம் 20 நிமிடமோ 30 நிமிடமோ. வேகமான ஸ்ட்ரைக்கர் ஒருவன், நல்ல கோல்கீப்பர் ஒருவன் இருந்தால் கோப்பையோடு வீட்டுக்கு வரலாம். லீக்கில் 90 நிமிடம், அதுவும் மாதக்கணக்கில். எதிர் டீம் உங்கள் ஸ்ட்ரைக்கரை முதல் சுற்றிலேயே பார்த்துவிடும், இரண்டாம் சுற்றில் அவன்மேல் இரண்டு பேரை நிறுத்தும். அதனால் இலக்கைக் கோப்பையாக வைக்காதீர்கள். ஆட்டத்துக்குச் சராசரி ஒரு புள்ளி என்று வையுங்கள். 16 டீம் லீக்கில் 30 ஆட்டத்துக்கு 30 புள்ளி எடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். இது விதி அல்ல, வழக்கமாக நடப்பது. சில வருடம் 28 போதும், சில வருடம் 33 வேண்டியிருக்கும். ஆனால் பையன்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு எண் வேண்டும், இது நல்ல எண். மூன்று ஆட்டத்தில் ஒன்றை ஜெயித்து இரண்டைத் தோற்றாலும் கணக்கு சரியாக வருகிறது. மூன்றையும் டிரா செய்தாலும் சரியாக வருகிறது. இது புரிந்துவிட்டால் 0-0 என்று முடிந்த ஆட்டத்துக்குப் பிறகு தலையைத் தொங்கப்போட மாட்டார்கள்.

புள்ளி எங்கே போகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்: கடைசி 20 நிமிடத்தில். புது டீம் முதல் பாதியில் யாரோடும் சரிக்குச் சரி ஆடும். 70ஆவது நிமிடம் வாக்கில் ஒன்று நடக்கும், கவனித்துப் பாருங்கள். இடப்பக்க டிஃபெண்டர் பந்தோடு முன்னே ஓடிப்போவான், திரும்பி வரும்போது நடந்து வருவான். இடுப்பில் கை இருக்கும். சென்டர் டிஃபெண்டர் அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டே தன் இடத்தைவிட்டு நகர்வான். எதிர் டீம் கோச் அதற்காகத்தான் காத்திருப்பார், உடனே புதிதாக ஒரு விங்கரை அந்தப் பக்கம் இறக்குவார். டர்பனின் பிப்ரவரி வெயிலில், அந்தப் புழுக்கத்தில், இது ஒவ்வொரு வாரமும் நடக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, நீங்கள் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த நிமிடம், எந்தப் பக்கம், ஓட்டத்தில் வந்ததா கார்னர் ஃப்ரீகிக்கில் வந்ததா. ஏழெட்டு ஆட்டத்தில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்துப் பயிற்சியை மாற்றுங்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு கொம்பியில் (மினிபஸ் வேனில்) உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குறை சொல்வதைவிட அந்த மூன்று கட்டம் ஆயிரம் மடங்கு உதவும். டிஃபென்ஸில் நால்வர் மாறாமல் ஆடும் டீம் முதல் சீசனில் பிழைக்கும் என்பது என் கணிப்பு. இதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, பார்த்துப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

அடுத்தது ஆள் கணக்கு. டோர்னமென்ட்டுக்கு 14 பேர் வந்தால் போதும். லீக்குக்கு 25 பேராவது பெயர் கொடுத்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் இருவருக்கு மஞ்சள் அட்டைத் தடை, ஒருவனுக்குக் கணுக்கால் பிசகு, ஒருவனுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட், ஒருவன் வீட்டில் கல்யாணம் என்று வந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நம் ஆட்கள் அதிகம் உள்ள கிளப்பில் இன்னும் சில உண்டு. தைப்பூசக் காவடிக்கு முன் 10 நாள் விரதம் இருப்பவர்கள், புரட்டாசி முழுக்கச் சைவமாக இருப்பவர்கள், புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊரே போவது. விரதத்தை விடச் சொல்லும் கோச்சோடு எனக்கு உடன்பாடில்லை, அதற்குத் தேவையும் இல்லை. பருப்பு, தயிர், கொண்டைக்கடலை என்று ஒழுங்காகச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடித்தால் சைவச் சாப்பாட்டில் 90 நிமிடம் ஓட முடியும். ஆட்டநாளன்று வெறும் வயிற்றில் வருபவனை மட்டும் இறக்காதீர்கள். மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பையன்களை அக்டோபர், நவம்பரில் வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள். லீக் அடுத்த வருடமும் இருக்கும். சீசன் அட்டவணை கையில் வந்த அன்றே காலண்டரை விரித்து இந்தத் தேதிகளையெல்லாம் அதில் குறித்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

இனிச் சொல்வது களத்துக்கு வெளியே நடப்பது. புது கிளப்கள் அநியாயமாகப் புள்ளி இழப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு டீமும் வரிசையாக நிற்கும். எதிர் டீம் மேனேஜர் உங்கள் ஆட்டக்காரர் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, படத்தையும் முகத்தையும் பார்ப்பார். படம் எடுத்தபோது தாடி இல்லாதவன் இப்போது தாடியோடு நிற்பான், அங்கேயே வாக்குவாதம் தொடங்கும். ஒரு அட்டை வீட்டில் இருந்தால் அந்த ஆள் ஆட முடியாது. தடையில் இருப்பவனைத் தெரியாமல் இறக்கினாலும், பதிவு முடியாதவனை இறக்கினாலும், ஜெயித்த ஆட்டம் தோற்றதாகிவிடும். இதெல்லாம் சின்ன லீக்குகளின் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 2020-21ல் பிஎஸ்எல்லுக்கு அடுத்த நிலையான தேசிய முதல் டிவிஷன் பட்டமே இப்படித்தான் தீர்மானமானது. போலோக்வானே சிட்டி ஒரு ஆட்டத்தில் 23 வயதுக்குட்பட்டவர்கள் இத்தனை பேர் அணிப் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதியைத் தவறவிட்டது. புகாரை விசாரித்த நடுவர் தீர்ப்பாயம் அந்த ஆட்டத்தின் மூன்று புள்ளிகளை எதிரணியான செகுகுனே யுனைட்டடுக்குக் கொடுத்தது. செகுகுனே பட்டம் வாங்கி பிஎஸ்எல்லுக்குப் போனது. பட்டம் தங்களுக்குத்தான் என்று நினைத்திருந்த ராயல் ஏஎம் கோர்ட்டுக்கு அலைந்தது, பிளேஆஃப் ஆட்டங்களுக்கும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் செல்டிக்கின் இடத்தை வாங்கியது. இத்தனையும் ஒரு தாளில் எழுதிய பெயர்களால். உங்கள் கிளப்பில் கோச்சையும் கேப்டனையும் தேர்ந்தெடுக்கும் அதே கவனத்தோடு, அட்டைக்கும் தடைக் கணக்குக்கும் பொறுப்பாக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பந்து ஆடத் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை, கவனக்குறைவு இல்லாதவராக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை இந்த வேலையை யாருடைய அம்மாவோ அக்காவோ செய்த கிளப்களில்தான் ஒரு அட்டைகூடத் தவறியதில்லை.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. மேல்மட்ட கிளப்களுக்கு டிவி உரிமைப் பணத்திலிருந்து மாதாமாதம் மானியம் வருகிறது. உள்ளூர் லீக்கில் அந்த மாதிரி எதுவும் இல்லை. சேர்க்கைக் கட்டணம், ரெஃப்ரி பணம், மைதான வாடகை, உம்லாஸி, இனான்டா போன்ற டர்பன் புறநகர்களுக்குப் போக கொம்பி, முதலுதவிப் பெட்டி, அபராதம் என்று வாரா வாரம் போய்க்கொண்டே இருக்கும். முதல் சுற்றை உற்சாகத்தில் ஓட்டிவிடலாம். இரண்டாம் சுற்றில்தான் வெளியூர் ஆட்டத்துக்கு ஒன்பது பேரோடு போய் நிற்பார்கள், அல்லது போகாமலே விட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு வராத டீமுக்குப் புள்ளியும் போகும், மரியாதையும் போகும். கைவசம் பாதி சீசனுக்கான பணம் இல்லாமல் முதல் ஆட்டத்தை ஆடாதீர்கள் என்பேன். மைதானத்துக்கும் நகராட்சியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆட்டங்கள் தள்ளிப்போய், கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று என்று குவியும். அப்போது யாருக்கு மைதானம் என்ற சண்டை கட்டாயம் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரேஞ்சர்ஸை அப்படியே பின்பற்றுங்கள் என்று மனதாரச் சொல்வேன். நம் ஆட்கள் வளர்த்த கிளப்தான், ஆனால் 1996ல் அவர்கள் இறக்கிய டீமில் எல்லாரும் இருந்தார்கள். கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர், வெள்ளையர், ஏதென்ஸில் பிறந்த கூமன்டராகிஸ் வரை. மக்களாட்சி வந்து இரண்டே வருடம் ஆன நேரம் அது. ஆள் திறமையை மட்டும் பார்த்தார்கள். உங்கள் கிளப் ஃபீனிக்ஸ் தெருவிலுள்ள பையன்களை மட்டும் சேர்த்தால் 25 நல்ல ஆட்டக்காரர்கள் கிடைப்பது கஷ்டம். பக்கத்திலேயே கறுப்பர்கள் வாழும் குவாமஷு இருக்கிறது, இனான்டா இருக்கிறது. அங்கிருந்து வரும் பையனுக்குப் பயிற்சிக்கு வந்துபோகும் செலவைக் கிளப் ஏற்க வேண்டியிருக்கும். 2021 ஜூலை கலவரத்துக்குப் பிறகு ஃபீனிக்ஸுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் காயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனாலேயே இதைச் செய்ய வேண்டும் என்று நம்புகிறேன். ஆட்டத்துக்காகவும்தான், ஊருக்காகவும்தான்.

என் பதிலின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டீம் ஆடி நான் பார்த்ததில்லை, உங்கள் டிவிஷனில் இந்த வருடம் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் என் முன்னால் இல்லை. அதனால் நீங்கள் எந்த இடத்தில் முடிப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவரையும் நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அட்டையால் புள்ளி இழக்காமல் இருப்பதும், எல்லா ஆட்டத்துக்கும் முழு டீமோடு போவதும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. மேலே சொன்ன 30 புள்ளி பெரும்பாலும் சரியாக வரும் கணக்கு. கோல் எப்போது வாங்குவீர்கள் என்று சொன்னது என் அனுபவம், உங்கள் நோட்டுப் புத்தகம் வேறு சொன்னால் அதையே நம்புங்கள்.

பையன்களிடம் இலக்கைச் சொல்லும்போது இரண்டாம் சுற்றைக் குறிவைத்துச் சொல்லுங்கள். முதல் சுற்றில் ஒரு டீமிடம் 4-0 என்று தோற்றால், அதே டீமிடம் இரண்டாம் சுற்றில் என்ன ஆகிறது என்று பார்ப்போம் என்று சொல்லி, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டுங்கள். 4-0 தோற்றவர்களிடம் 1-1 எடுத்தால் பட்டியலில் எங்கே இருந்தாலும் உங்கள் கிளப் வளர்கிறது. சுற்று முடிந்ததும் அந்த எண்களை எனக்கும் அனுப்புங்கள், டிஃபென்ஸில் என்ன மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.